டோ, ஃப்ளோ, சிந்துபாத்

நீரிழிவுப் பாதத்துக்கு மருத்துவம் பார்ப்பவர்களிடையே இரண்டு ஆங்கிலச் சொற்கள் எப்போதும் சேர்ந்தே வரும்: டோ அண்ட் ஃப்ளோ. டோ என்றால் கால்விரல். ஃப்ளோ என்றால் ஓட்டம், இங்கே இரத்த ஓட்டம். பாத மருத்துவரும் இரத்தநாள அறுவை மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்க்க வேண்டும் என்பதை இந்த இயைபு மூன்றே சொற்களில் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் பாத மருத்துவர் டேவிட் ஆம்ஸ்ட்ராங்கும் இரத்தநாள அறுவை மருத்துவர் ஜோசஃப் மில்ஸும் அப்படித்தான் வேலை செய்தார்கள். 2010இல் அவர்களும் சக மருத்துவர்களும் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலும் இந்தச் சொற்களையே வைத்தார்கள். நடையை மீட்பதையும் சேர்த்துக்கொண்டு ‘கோ’ என்ற மூன்றாவது சொல் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தக் குழுவின் பெயர் சால்சா. தென் அரிசோனாவின் உறுப்புக் காப்புக் கூட்டணி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. மெக்சிகோ எல்லைக்கு அருகிலுள்ள டூசான் நகரில் சால்சா என்றால் தக்காளியும் மிளகாயும் சேர்ந்த காரச் சட்னி. ஒரு நடனத்தின் பெயரும் அதுவே. காலை இழக்கவிருந்தவரை எழுந்து நடக்கவைக்கும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. ஆம்ஸ்ட்ராங் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனபோது பெயரின் விரிவு மாறியது, சால்சா மாறவில்லை.

இந்தத் துறைக்குச் சொல் விளையாட்டு ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குச் செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது, குத்திய முள் தெரியாது. சீழ் பிடித்து வாடை வரும்போதுதான் பல வீடுகளில் புண்ணைக் கவனிக்கிறார்கள். அதன்பின் பொது மருத்துவர், சர்க்கரை மருத்துவர், அறுவை மருத்துவர், கட்டு மாற்றும் செவிலியர் என அந்தக் கால் பல கைகளுக்குப் போகிறது. ஒருவருக்குப் ‘பெரிய புண்’ என்பது இன்னொருவருக்குச் சின்னப் புண். இந்தக் குழப்பத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் விரலுக்கு ஆபத்து.

அதற்கு விடையாக வந்ததுதான் ‘சின்பாட்’ மதிப்பெண். ‘கன்னித்தீவு’ படக்கதை வாசகர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான சிந்துபாத்தேதான். புண் இருக்கும் இடம், இரத்தக் குறைவு, உணர்விழப்பு, பாக்டீரியாத் தொற்று, பரப்பு, ஆழம் ஆகிய ஆறின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து கடலோடியின் பெயராகின்றன. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் அல்லது ஒன்று, மொத்தம் ஆறு. பரிசோதனைக் கருவி எதுவும் பெரிதாக வேண்டாம். சிற்றூர் மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் ‘சின்பாட் ஐந்து’ என்றால், மறுமுனையில் இருப்பவருக்கு அவசரம் புரிந்துவிடும். மருத்துவர்கள் தமக்குள் தகவல் சொல்லிக்கொள்ள இந்த முறையையே நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டுப் பணிக்குழு பரிந்துரைக்கிறது.

2014இல் அமெரிக்க இரத்தநாள அறுவை மருத்துவச் சங்கம் வெளியிட்ட வகைப்பாட்டை ‘வைஃபை’ என்றே உச்சரிக்கிறார்கள். காயம், இரத்தக் குறைவு, பாதத் தொற்று மூன்றுக்கும் 0 முதல் 3 வரை அளவு உண்டு. வரக்கூடிய 64 சேர்க்கைகளும் நான்கு நிலைகளுக்குள் அடங்குகின்றன. மனப்பாடம் செய்யக் கடினமானது கணக்குதான். பெயர் ஒரு முறை கேட்டாலே பதிந்துவிடும். ‘பெடிஸ்’ என்று இன்னொரு முறை உண்டு. பாதத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சாயல் அதில் இருக்கிறது.

இவையெல்லாம் குழுவுக்குள் புழங்க வேண்டியவை. விரலை எடுக்க வேண்டும் என்ற செய்தியைக் கேட்கக் காத்திருப்பவர் முன்னால் எதுகையும் இயைபும் கூடவே கூடாது. அவரிடம் மதமதப்பு, எரிச்சல், கால் ஆணி என்று அவருடைய சொற்களிலேயே பேச வேண்டும்.

இந்தத் துறை விளையாடாமல் நிறுத்துத் தேர்ந்தெடுத்த சொல்லும் ஒன்று உண்டு. மூடிய புண்ணைக் ‘குணமானது’ என்று சொல்வதை ஆம்ஸ்ட்ராங் போன்றவர்கள் தவிர்க்கிறார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் வழங்கும், ‘நோய் தணிந்திருக்கிறது’ என்று பொருள்படும் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆறிய புண்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஓராண்டுக்குள் திரும்புகின்றன. ஐந்தாண்டில் அது 65 விழுக்காட்டை எட்டுகிறது. அதனால்தான் கட்டு பிரித்த பிறகும் நோயாளியை வரச்சொல்லி, செருப்பைக் கழற்றவைத்து, இரு பாதங்களையும் தொட்டுப் பார்க்கிறார்கள்.