பிறக்கும் குழந்தையின் எடையும் இன வேறுபாடும்

"எங்கள் வகையறாவில் பிள்ளை சிறுத்துத்தான் பிறக்கும், அது வம்ச வாகு" என்று கிராமங்களில் முதியோர் கூறக் கேட்கிறோம். கிராம சுகாதாரச் செவிலியரின் தராசு 2 கிலோ 100 கிராம் என்று காட்டினாலும், இந்த ஒரு சொல்லோடு வீட்டார் அமைதியடைந்து விடுகின்றனர். இச்சொல் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஆராய்ந்து அறிதல் அவசியம். எடைக் குறைவு பிறவியிலேயே விதிக்கப்பட்டதாயின் நாம் செய்யத்தக்கது ஏதுமில்லை. வேறு காரணங்களால் விளைவதாயின், ஊருக்கு அதில் பெரும் பொறுப்பு உண்டு.

பிறந்த குழந்தையின் எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்திருந்தால் அதனைக் குறைந்த எடை என்று உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்துள்ளது. பின்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் ஆர்வோ யூல்ப்போ என்பார் 1919ஆம் ஆண்டில் எடுத்துரைத்த அளவு இது. குழந்தை சிறுத்துப் பிறப்பது இரு வகையால் நேரும். மாதம் நிறையாமல் பிறப்பது ஒன்று. மாதம் நிறைந்தும் கருவில் சரியாக வளராதிருப்பது மற்றொன்று. இரண்டிலும் குழந்தைக்கு உடற்சூடு நிலைப்பதில்லை. பால் உறிஞ்சும் வலிவு குறைவு. நோய்க் கிருமிகள் எளிதில் பற்றும். 2020ஆம் ஆண்டில் உலகமெங்கும் 1 கோடியே 98 லட்சம் குழந்தைகள், அதாவது ஏழில் ஒன்று, இவ்வாறு பிறந்ததாக மதிப்பிட்டுள்ளனர். நம் நாட்டில் 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், எடை பார்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினெட்டு இவ்வகையின.

இனத்துக்கு இனம் சராசரி எடை வேறுபடுகிறது என்பது மறுக்க முடியாத உண்மை. புனா நகருக்கு அருகேயுள்ள கிராமங்களில் மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் நகரத்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. ஆயினும் வேறுபாடு உண்டு என்பது வேறு, அது பிறவியால் வந்தது என்பது வேறு. இரண்டு வயல்களில் கதிர் இரண்டு விதமாக இருந்தால், விதை வேறா, நிலம் வேறா என்று விவசாயி கேட்பார். ஒரே விதையை இரு நிலங்களிலும் விதைத்துப் பார்த்தாலன்றி விடை தெரியாது.

அத்தகைய சோதனையை ஒத்த ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் இல்லினாய் ராஜ்யத்தில் நடைபெற்றது. அந்நாட்டில் கறுப்பினத்தவரின் குழந்தைகள் வெள்ளையரின் குழந்தைகளைவிட எடை குறைந்து பிறப்பதை நெடுங்காலமாகக் கண்டு, இது இன இயல்பு என்றே பலர் கருதிவந்தனர். டேவிட், காலின்ஸ் என்னும் இரு வைத்தியர்கள் 1980 முதல் 1995 வரையிலான பிறப்புப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாய்மாரைத் தனியே பிரித்துக் கணக்கிட்டனர். அமெரிக்காவிலேயே பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகளுக்குச் சராசரி எடை 3,089 கிராம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாய்மாரின் குழந்தைகளுக்கோ 3,333 கிராம். வெள்ளையர் குழந்தைகளுக்கு 3,446 கிராம். இனமே காரணமாயின், கலப்புக் குறைந்த ஆப்பிரிக்கத் தாய்மாரின் குழந்தைகள் அன்றோ எல்லோரிலும் சிறுத்திருக்க வேண்டும்? 1997ல் வெளியான இம்முடிவு வைத்திய உலகைச் சிந்திக்க வைத்தது. 2002ல் அவர்களே மேலும் ஒரு தலைமுறையை ஆராய்ந்தபோது, ஐரோப்பாவிலிருந்து குடியேறிய பெண்களின் வழியில் அடுத்த தலைமுறைக் குழந்தைகள் எடை கூடிப் பிறக்க, ஆப்பிரிக்கப் பெண்களின் வழியில் எடை குறைந்திருப்பது தெரிந்தது. விதை மாறவில்லை, நிலம் மாறியது. வாழ்நாள் முழுதும் அனுபவிக்கும் பாகுபாடும் மனக்கவலையும் தாயின் உடலைத் தாக்குகின்றன என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. குடியேறி வருவோர் பொதுவாக உடல் நலமும் கல்வியும் மிக்கவராயிருப்பர் என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும். எனினும் அது ஒன்றே இவ்வளவையும் விளக்கப் போதாது.

பிறவிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் இயலாது. உயர்ந்த மலைப் பிரதேசங்களில் காற்றின் பிராணவாயுக் குறைவால் குழந்தைகள் சிறுத்துப் பிறக்க, தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் திபெத்தியரின் குழந்தைகளை அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நாகபுரி உள்ளிட்ட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் வசதியும் ஆரோக்கியமும் உள்ள தாய்மாரைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து 2014ல் வெளியிட்ட முடிவு, கருவின் வளர்ச்சி எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்றது. உலக சுகாதார ஸ்தாபனம் பத்து நாடுகளில் நடத்தி 2017ல் வெளியிட்ட ஆராய்ச்சியோ, நாட்டுக்கு நாடு ஓரளவு வேறுபாடு உண்டு என்றது. அறிஞர்கள் இதைத் தீர்த்துக்கொள்ளட்டும். தாயின் உயரம் குழந்தையின் எடையைப் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. அந்த உயரமோ அவள் சிறுமியாயிருந்தபோது உண்ட சோற்றையும் பொறுத்தது. வம்ச வாகு என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி பாட்டியின் பசியாகவும் இருக்கலாம்.

விவசாயிகள் நன்கு உணரத்தக்க உதாரணம் மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள காம்பியா நாட்டினது. அங்கு மழைக்காலமே பஞ்ச காலம். பழைய தானியம் தீர்ந்துபோயிருக்கும். புதிய விளைச்சல் வந்திராது. வயல்வேலையோ பெண்களுக்கு அப்போதுதான் மிகுதி. இருபத்தெட்டு கிராமங்களில் ஐந்தாண்டுக் காலம் கர்ப்பிணிகளுக்கு வேர்க்கடலை சேர்த்த பிஸ்கோத்து நாள்தோறும் அளிக்கப்பட்டது. அதே மக்கள், அதே குடும்பங்கள். ஆனால் குழந்தைகளின் சராசரி எடை 136 கிராம் கூடிற்று. பஞ்ச மாதங்களில் மட்டும் பார்த்தால் 201 கிராம். பிறந்த முதல் வாரத்தில் நேரும் மரணம் ஏறக்குறையப் பாதியாயிற்று. 1997ல் வெளியான இக்கணக்கு, இனப் பேச்சுக்குச் சரியான விடையாகும்.

நம் நாட்டுச் செய்தியும் ஒன்று உண்டு. முற்கூறிய புனா கிராமங்களில், பச்சைக் கீரையும் பழமும் அடிக்கடி உண்ட கர்ப்பிணிகளின் குழந்தைகள் பெரியனவாகப் பிறந்தன. மிக மெலிந்த தாய்மாரிடமே கீரையின் பலன் மிகுதியாகக் காணப்பட்டது. தண்ணீர் சுமத்தல், வயல்வேலை, துணி துவைத்தல் முதலிய கடும் உழைப்பு மிகுந்தவர்களின் குழந்தைகள் சிறுத்தன. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இதனை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறேன். குடிநீர்க் குழாயை எந்தத் தெருவில் முதலில் இடுவது என்று தீர்மானம் போடும்போது, அத்தெருவில் குடம் சுமக்கும் கர்ப்பிணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குழாய்க் கணக்கில் இதற்கென ஒரு கலம் இல்லை, இருந்திருக்கலாம்.

"பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம்" என்று கடைசி மாதங்களில் கர்ப்பிணியின் சோற்றைக் குறைக்கும் பழக்கம் இந்தியாவின் பல பாகங்களில் உள்ளது. காம்பியாவில் எடை அவ்வளவு கூடியும், குழந்தையின் தலைச் சுற்றளவு மூன்று மில்லிமீட்டர் அளவே கூடிற்று. ஆகவே இந்த அச்சத்துக்கு இடமில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் நிறுத்தவேண்டும். பம்பாயில் 1,217 பெண்களிடம் நடத்தி 2004ல் வெளியான ஆராய்ச்சியில், புகையிலை உபயோகித்தவர்களின் குழந்தைகள் 105 கிராம் குறைந்திருந்தன. இளவயதுத் திருமணம், இரத்த சோகை, அடுத்தடுத்த பிரசவம் ஆகியவற்றின் தீங்கு யாவரும் அறிந்ததே.

சிறுத்துப் பிறந்துவிட்ட குழந்தையைக் காக்கவும் வழியுண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் அபய் பங், ராணி பங் என்னும் வைத்தியத் தம்பதியர், 39 கிராமங்களில் கிராமத்துப் பெண்களையே பழக்கி, வீடுதோறும் சென்று குழந்தையை எடை பார்க்கவும் கதகதப்பாக வைக்கவும் சீழ்ப்பிடித்தலைக் கண்டறிந்து மருந்தளிக்கவும் செய்தனர். முதல் மாதத்து மரணம், இவ்வேற்பாடு இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, 62 சதவீதம் குறைந்ததாக 1999ல் அறிவித்தனர். ஆஷா பணியாளர்கள் வீடு தேடி வரும் 2011ஆம் ஆண்டுத் திட்டத்துக்கு இதுவே முன்மாதிரி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ல் தோன்றிய மற்றொரு முறைக்குச் செலவே இல்லை. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைப்பதே அது. தாய் களைத்திருக்கையில் தந்தையோ பாட்டியோ அணைக்கலாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை வைத்தல் கூடாது. முதல் நாளில் குளிப்பாட்டலாகாது.

சென்ற ஆண்டில் ஊரில் பிறந்த குழந்தைகளில் இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்தவை எத்தனை என்று பஞ்சாயத்துத் தலைவர் செவிலியரைக் கேட்கலாம். பெயர்கள் வேண்டா, எண்ணிக்கை போதும். எந்தக் குக்கிராமத்தில், எந்த மாதங்களில் மிகுதி என்பதையும் குறித்துக்கொண்டால், அங்கன்வாடிச் சத்துமாவு அங்கே அம்மாதங்களில் தவறாமல் சேர்கிறதா என்று நேரில் சென்று பார்த்துவிடலாம்.