வாழைப்பழத்தில் ஏற்றும் ஊசி

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது குடவோலையைத்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அவை விலாவாரியாகச் சொல்கின்றன. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். நிலமில்லாமல் உழைத்தவர்களின் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழவில்லை. பெண்ணின் பெயரும் விழவில்லை.

இன்று அதே ஊரைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் நிலைமை வேறு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசமைப்புத் திருத்தம் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் உள்ளாட்சியில் இடம் ஒதுக்கியது. 2016-ல் தமிழ்நாடு அரசு பெண்களின் பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது. நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலும் அந்த ஒதுக்கீட்டின்படியே நடந்தது. ஊராட்சி மன்றத்தோடு இது முடியவில்லை. சத்துணவுக் கூடம், அங்கன்வாடி, நூறு நாள் வேலைத் தளம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள் என்று காலனிப் பெண்கள் கால் வைக்காத வேலையிடம் குறைவு. விடியும் முன்பே எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்.

வாசலைத் தாண்டி உள்ளே போகும் உரிமை கிடைத்துவிட்டது. உள்ளே போன பிறகு எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசுகிறோம்.

ஒரு நாற்காலியின் கதை

கடலூர் மாவட்டம், தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ராஜேஸ்வரி சரவணக்குமார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, தலைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டம் நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. படம் வெளியே வந்த பிறகே அரசு இயந்திரம் அசைந்தது. துணைத் தலைவர்மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டு, கைதும் ஆனார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் பள்ளியில் தேசியக் கொடி ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடி ஏற்றினார். 2022-ல் பட்டியல் சாதித் தலைவர்கள் எந்தப் பாகுபாடும் இல்லாமல் சுதந்திர தினக் கொடி ஏற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவங்களில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஒரு நாற்காலி போடவில்லை, ஒரு கயிற்றைக் கையில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்பவர்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் ஒரு நாற்காலி அவ்வளவு சின்ன விஷயம் என்றால், அதைப் போட்டுவிடுவதில் அவர்களுக்கு என்ன கஷ்டம்? சின்ன விஷயம் என்று சொல்லிக்கொண்டே அதை விடாப்பிடியாக மறுக்கிறார்கள். அதிலிருந்தே தெரிகிறது, அது சின்ன விஷயம் இல்லை என்று.

பெயர் வைத்தவர் ஒரு மருத்துவர்

கையால் அடிக்காமல், வாயால் நேராகத் திட்டாமல், அன்றாடப் பேச்சிலும் நடத்தையிலும் ஒருவரைத் தாழ்த்துவதற்கு ஆங்கிலத்தில் 'மைக்ரோ அக்ரஷன்' என்று பெயர். 1970-ல் இந்தப் பெயரை வைத்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கறுப்பின மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். வெள்ளையர்கள் கறுப்பினத்தவரை நாள்தோறும் சின்னச் சின்னதாக அவமதிப்பதை அவர் கவனித்தார். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போலத் தெரியும். தினமும் சேரும்போது மனதையும் உடலையும் அரித்துவிடும் என்றார்.

நமக்கு இது புதிதல்ல. 1917-ல் வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்தில் உயர் பதவியில் சேர்ந்த அண்ணல் அம்பேத்கரின் மேசைமீது, அலுவலகப் பியூன்கள் தீட்டுக்குப் பயந்து கோப்புகளைத் தூரத்திலிருந்தே வீசினார்கள். பதவி பெரியது, சம்பளம் உண்டு, மேசையும் உண்டு. கையில் கொடுக்க வேண்டிய கோப்பு மட்டும் கைக்கு வரவில்லை.

'வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது போல' என்று நம் ஊரில் சொல்வார்கள். வெளியே பழம் பழமாகவே தெரியும். சாப்பிடுகிறவருக்குத்தான் ஊசி தெரியும்.

ஊசியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் காதில் விழுவது அழைக்கும் முறை. தமிழில் ஒரு சொல்லிலேயே மரியாதையைக் கொடுக்கவும் எடுக்கவும் முடியும். பக்கத்தில் இருக்கும் பெண்ணை "வாங்க மேடம்" என்கிறார்கள். அதே வேலை செய்யும், அதே வயதுள்ள நம் பெண்ணை "ஏம்மா, இங்க வா" என்கிறார்கள். பெயர் தெரிந்தும் "அந்தக் காலனிப் பொண்ணு" என்கிறார்கள்.

அடுத்தது விசாரிப்பு. "எந்த ஊர்?" என்ற கேள்வியில் தவறில்லை. ஊர்ப் பெயரைச் சொன்ன பிறகும் "அங்க எந்தப் பக்கம்? ஊரா, காலனியா?" என்று தோண்டுவது சாதியைத் தெரிந்துகொள்ளத்தான்.

மூன்றாவது, பாராட்டு போல வரும் குத்தல். "உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே", "உங்க ஆளுங்கள்ல நீதான் சுத்தம்", "உனக்கென்ன, கோட்டால வந்துட்ட" என்பவை இந்த வகை.

நான்காவது, பொருளிலும் இடத்திலும் காட்டும் வேறுபாடு. தனி டம்ளர், டிபன் பாக்ஸைத் திறந்ததும் "என்ன கறியோ" என்று தள்ளி உட்காருவது, கூட்டிப் பெருக்க ஆள் வேண்டும் என்றால் எப்போதும் ஒருவரையே கூப்பிடுவது, கையெழுத்துப் போட வேண்டிய தலைவரின் வீட்டுக்காரரிடம் போய்ப் பேசுவது எல்லாம் இதில் சேரும்.

சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் போதும். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களையும் இப்படித்தான் நடத்துகிறார்களா? இது ஒரு முறை நடந்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா? ஏன் என்று கேட்டால் திருத்திக்கொள்கிறார்களா, இல்லை "விளையாட்டுக்குச் சொன்னேன், உனக்கு எல்லாமே பெருசாத் தெரியுது" என்கிறார்களா? தெரியாமல் தவறு செய்தவர் கேட்டதும் நிறுத்திவிடுவார். நிறுத்தாதவர் தெரிந்துதான் செய்கிறார்.

என்ன செய்யலாம்?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அந்த இடத்திலேயே பதில் சொல்லாத பெண் கோழை அல்ல. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாளைய வேலை சூப்பர்வைசர் கையில் இருக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிறவருக்கு வருகைப் பதிவேடு இன்னொருவர் கையில் இருக்கும். எப்போது பேசுவது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அதற்கான தயாரிப்பை மட்டும் இன்றே தொடங்கிவிடலாம்.

பேச முடிகிற இடத்தில் குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு வரி சொன்னால் போதும். "என் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க." "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க." இந்த இரண்டாவது வரிக்கு வலு அதிகம். குத்தலை எல்லோர் முன்னிலும் திரும்பச் சொல்லப் பலருக்கும் வாய் வராது. கூட்டத்தில் நாற்காலி இல்லை என்றால், "நாற்காலி போடுங்க, கூட்டத்தை ஆரம்பிக்கலாம்" என்று நின்றபடியே சொல்லலாம். தலைவர் உட்காராமல் கூட்டத்தைத் தொடங்குவது அவர்களுக்கும் சங்கடம்தான்.

அடுத்து, ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம், சொன்னவர் யார், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ஒரு நாள் சம்பவத்தைச் சொன்னால் "தற்செயல்" என்பார்கள். ஆறு மாதக் குறிப்பைக் காட்டினால் அப்படிச் சொல்ல முடியாது. தெற்குத் திட்டையிலும் ஒரு படம் இருந்ததால்தான் யாராலும் மறுக்க முடியவில்லை.

மூன்றாவது, தனியாகப் போகாதீர்கள். உடன் வேலை செய்யும் இரண்டு பேர், சுய உதவிக் குழுத் தோழிகள், தொழிற்சங்கம் என்று யாராவது உடன் இருக்கட்டும். புகாரை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதிக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டோ, முத்திரையுடன் கூடிய கையெழுத்தோ வாங்குங்கள்.

சட்டம் எங்கே துணைக்கு வரும்?

எல்லா அவமதிப்பும் சட்டப்படி குற்றமாகாது. எது குற்றமாகும் என்று தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாத ஒருவர், பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது குற்றம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதும் குற்றம். 'பொதுமக்கள் பார்வையில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது சொன்னது இந்தப் பிரிவில் வராது என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. சாட்சிகளின் பெயரை எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் நம் ஊராட்சிப் பெண்களுக்கு முக்கியமானது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவருடைய பணியைச் செய்ய விடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் தனிக் குற்றம் என்று அது சொல்கிறது.

பேச்சில் பாலியல் சாயல் இருந்தால் 2013-ம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடம், வீட்டு வேலை, முதலாளிமீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு வழி திறந்தது 1997-ன் விசாகா தீர்ப்பு. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளருக்கு இழைக்கப்பட்ட கொடுமையே அந்த வழக்குக்குக் காரணம்.

அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566.

வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில், சத்துணவு சமைக்க வந்த பாப்பாள் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதால் சாதி இந்துக்கள் சிலர் எதிர்த்தார்கள். அதிகாரிகள் எதிர்த்தவர்களைக் கண்டிக்காமல் பாப்பாளை இடம் மாற்றினார்கள். போராட்டங்களுக்குப் பிறகே அந்த உத்தரவு ரத்தானது. 2025 நவம்பரில் நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இடையில் ஏழு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த ஏழு ஆண்டும் ஒரு சமையல் பணியாளர் பின்வாங்காமல் நின்றார்.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு

தெற்குத் திட்டைப் படத்தில் தலைவர் மட்டும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து தன் நாற்காலியை அவரிடம் நகர்த்தியிருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. அவமதிப்பைத் தடுக்கும் சக்தி பல நேரங்களில் அவமதிக்கப்படுபவரைவிடப் பக்கத்தில் இருப்பவரிடம்தான் அதிகம் இருக்கிறது. "அவங்க பேர் சொல்லிக் கூப்பிடுங்க சார்" என்று உடன் வேலை செய்பவர் சொன்னால், சொன்னவருக்குப் பெரிய இழப்பு ஒன்றும் வராது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற அம்மாவின் பெயரும், வகுப்பறை கூட்டுகிறவரின் பெயரும் உங்களுக்குத் தெரியுமா? ஆசிரியரை 'வாங்க' என்கிற வாய், அவர்களை எப்படிக் கூப்பிடுகிறது? நாளைக்குப் பள்ளிக்குப் போனதும் அவர்களின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரோடு ஒரு 'அக்கா' சேர்த்து, 'வாங்க' என்று கூப்பிடுங்கள்.