நந்தியாவட்டை: கண்ணுக்கு எதிரே வையுங்கள், கண்ணுக்குள் விடாதீர்கள்!

பளபளக்கும் கரும்பச்சை இலை. அதன் நடுவே வெள்ளை வெளேரென்று காற்றாடி போல விரிந்த பூ. அதிகம் தொந்தரவு தராத செடி. பூஜைக்குப் பூ வேண்டும், ஆனால் பெரிய தோட்டம் இல்லை என்கிற குடும்பங்களுக்கு நந்தியாவட்டை ஒரு வரப்பிரசாதம். ஃபிளாட் பால்கனியில் ஒரு தொட்டி போதும். பெரும்பாலான மாதங்களில் பூத்துக்கொண்டே இருக்கும்.

இந்தச் செடி வீட்டில் இருக்கிறது என்று சொல்பவர்கள் அடுத்த மூச்சிலேயே என்னிடம் ஒரு கேள்வி கேட்பார்கள். "டாக்டர், பூவைப் பிழிஞ்சு கண்ணுல ரெண்டு சொட்டு விடலாமில்லையா? கண்ணுக்கு நல்லதுன்னு எங்க பாட்டி சொல்வாங்களே?" வளர்க்கும் விதத்தையும் இந்தக் கேள்விக்கான பதிலையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எந்த வகை வாங்கலாம்?

ஐந்து இதழ் கொண்ட ஒற்றைப் பூ ஒரு வகை. ரோஜா போல இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும் அடுக்கு நந்தியாவட்டை இன்னொரு வகை. இந்த இரண்டும் தரையில் வைத்தால் ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். நர்சரியில் 'குட்டை நந்தியாவட்டை' என்று கேட்டு வாங்கினால் சின்ன இலை, சின்னப் பூவுடன் இரண்டு மூன்றடி உயரத்திலேயே புதராக அடங்கி நிற்கும். தொட்டிக்கும், வாசல் ஓரத்தில் வேலி போல வரிசையாக வைப்பதற்கும் இதுதான் பொருத்தம்.

தாவரவியலில் இதன் பெயர் டேபர்னேமான்டானா டைவரிகேட்டா. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டேபர்னேமான்டானஸ் என்ற ஜெர்மானிய மூலிகை அறிஞரின் நினைவாக இந்தச் செடி இனத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அவரும் ஒரு வைத்தியர்தான்! அரளி, நித்தியகல்யாணி, சர்ப்பகந்தி எல்லாம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

நடுவது எப்படி?

12 அங்குலத் தொட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஓட்டை அவசியம். ஓட்டையின் மேல் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கன்று வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்து வீட்டில் செடி இருந்தால், ரொம்ப இளசாகவும் இல்லாமல் ரொம்ப முற்றாமலும் உள்ள கிளையில் ஆறு அங்குலத் துண்டு வெட்டி வாருங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மழைக்காலத் தொடக்கத்தில் நிழலான இடத்தில் ஊன்றி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் வேர் பிடித்துவிடும். நாலைந்து துண்டுகளாக ஊன்றினால் ஒன்றிரண்டு போனாலும் கவலையில்லை.

தினமும் நாலைந்து மணி நேர வெயில் பட்டால் நன்றாகப் பூக்கும். அரை நிழலிலும் இலை செழிப்பாகத்தான் இருக்கும், பூ மட்டும் குறையும். "இலை இருக்கு, பூவே இல்லையே டாக்டர்" என்பவர்கள் முதலில் தொட்டியை வெயில் பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

தண்ணீரும் உரமும்

விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல் மண் ஒரு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். இந்தச் செடிக்கு வறட்சியைவிட வேரில் தண்ணீர் தேங்குவதுதான் பெரிய எதிரி. இலை மொத்தமாக மஞ்சளித்து உதிர்ந்தால் முதலில் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது வேறு கதை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுத்துக்கொள்ள முடியாமல் போகும். நமக்கு வரும் ரத்தசோகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மேல் மண்ணைக் கிளறி மக்கிய உரம் போடுங்கள். கரும்பச்சை மெல்லத் திரும்பும்.

மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும்.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் கவனிக்க: அதில் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறையாவது தட்டைக் கொட்டி, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

கவாத்தும் பூச்சியும்

புதுத் துளிரில்தான் பூ வரும். ஆகவே ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் கிளை நுனிகளை வெட்டிவிடுங்கள். செடி அடர்த்தியாகும், பூவும் பெருகும். வெட்டிய இடத்தில் வெள்ளையாகப் பால் வடியும். அது தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தக் கையோடு கண்ணைக் கசக்கவே கூடாது. குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

ஒரே ராத்திரியில் கிளை மொட்டையாகிவிட்டதா? விரல் தடிமனில், தலைப் பக்கம் கண் வரைந்தது போல இரண்டு நீலப் புள்ளிகளுடன் ஒரு பச்சைப் புழு இருக்கும். அரளிச் செடியையும் தின்னும் அந்துப்பூச்சியின் புழு அது. கையால் பொறுக்கி எடுத்தாலே போதும். மாவுப்பூச்சிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் தெளியுங்கள்.

இனி கண் விஷயத்துக்கு வருவோம்

சித்த மருத்துவ நூல்கள் கண் நோய்களை 96 வகையாகப் பிரித்துப் பேசுகின்றன. நந்தியாவட்டைப் பூ அந்த மருத்துவத்தில் பெயர் பெற்ற மூலிகை. இதில் சந்தேகமில்லை. ஆனால் கண்ணில் இடும் கலிக்கம், மை போன்ற மருந்துகள், சரக்குகளைச் சுத்தி செய்து, அளவு பார்த்து, முறைப்படி முடித்துத் தரப்பட வேண்டியவை. இன்று கண் சொட்டு மருந்து எந்த மருத்துவ முறையைச் சேர்ந்ததானாலும், துளிக் கிருமிகூட இல்லாமல் தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. செடியிலிருந்து பறித்துக் கையால் கசக்கிப் பழைய துணியில் வடிகட்டிய சாறு அந்த மருந்து ஆகாது.

பூவின் இதழில் தூசி இருக்கும், பூஞ்சை வித்து இருக்கும், காம்பில் பால் இருக்கும். ஆரோக்கியமான கண்ணில் பட்டால் கண்ணீர் ஓரளவு கழுவிவிடும். கருவிழியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால்? அந்தக் கீறல் வழியே பூஞ்சை உள்ளே இறங்கிப் புண்ணாகிவிடும். நம்மைப் போன்ற வெப்பமான, விவசாயம் மிகுந்த பகுதிகளில் கருவிழிப் புண்ணுக்குப் பூஞ்சை ஒரு முக்கியமான காரணம்.

தாமிரபரணிக் கரையோரக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயியை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். அறுவடையில் நெல் தாள் கண்ணில் குத்தியிருக்கிறது. "நாலு நாளா நந்தியாவட்டைச் சாறுதான் விட்டோம் டாக்டரய்யா. முதல் நா குளுகுளுன்னு இருக்குன்னாக. இப்ப வெளிச்சத்தையே பார்க்க முடியலைங்கிறாக" என்றார் அந்த அம்மா. கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. நான் மருந்து எதுவும் தரவில்லை. உடனே கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். பல வாரச் சிகிச்சையில் கண் தப்பியது. ஆனால் தழும்பு நின்றுவிட்டது. அந்தக் கண்ணில் பார்வை பாதிதான். முதல் நாளே போயிருந்தால் இவ்வளவு இழந்திருக்க மாட்டார்.

"எனக்கு மெட்ராஸ் ஐ வந்தப்போ இதுதானே குணமாக்குச்சு?" என்று சிலர் வாதாடுவார்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். பூச்சாறு விட்டவருக்கும் அடங்கும், விடாதவருக்கும் அடங்கும்!

கண்புரைக்கு இந்தச் சாற்றை நம்புவது இன்னும் பெரிய நஷ்டம். கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்கிப்போவதுதான் புரை. மேலே விடும் எந்தச் சொட்டும் அதைக் கரைக்காது. அறுவை சிகிச்சைதான் வழி. பார்வை மங்குவதற்குக் காரணம் புரையாக இல்லாமல் கண் நீர் அழுத்த நோயாக இருந்தால், போன பார்வை திரும்பவே திரும்பாது. சாறு விட்டுக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்புதான். வீட்டில் மாமியாரோ அப்பாவோ "பூச்சாறு போதும்மா, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்று சொன்னால், ஒரு சித்த மருத்துவரே வேண்டாம் என்கிறார் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

மருந்து அலமாரியில் கிடக்கும் பழைய இங்கிலீஷ் கண் சொட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கைதான். அதில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் இன்னும் வேகமாகப் பரவும். பச்சிளம் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவதும் வேண்டாம்.

இன்னொன்று. இந்தச் செடியில் வீரியமுள்ள ஆல்கலாய்டுகள் பல இருக்கின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இதை ஆர்வமாக ஆராய்கிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் பூ, வேர், இலை எதையும் நீங்களாகக் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. அரளிக்கு உறவு என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கட்டும்! வெள்ளைப் பூ என்பதால் அரளியையே இதுவென்று நினைத்துவிடும் ஆபத்தும் உண்டு. அரளி உயிரையே வாங்கிவிடும்.

அப்படியானால் கண்ணுக்கு இந்தச் செடியால் பயனே இல்லையா?

உண்டு. களைத்த கண்ணுக்குக் குளிர்ச்சி வேண்டுமானால், பூவின் காம்பைக் கிள்ளிப் பால் வடிந்தபின் நல்ல தண்ணீரில் கழுவி, சுத்தமான மெல்லிய துணியில் பொதிந்து, மூடிய இமையின் மேல் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளலாம். சாறு உள்ளே இறங்கக் கூடாது. கண் சிவந்திருப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதையும் தவிர்த்துவிடுங்கள்.

நாள் முழுக்க கம்ப்யூட்டரும் செல்போனுமாக இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள் கண் மருத்துவர்கள். படிக்கிற மேஜையிலிருந்து ஜன்னல் வழியாக 20 அடியில் தெரியும்படி நந்தியாவட்டைத் தொட்டியை வையுங்கள். தலையைத் தூக்கி அந்தக் கரும்பச்சையைப் பார்த்து, நாலு முறை நன்றாகக் கண் சிமிட்டச் சொல்லுங்கள். வாரம் மூன்று நாளாவது முருங்கைக்கீரையோ பொன்னாங்கண்ணியோ, கொஞ்சம் எண்ணெய் சேர்த்துச் சமைத்துக் கொடுங்கள்.

உடனே கண் டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

* கண்ணில் நெல் தாள், குச்சி, இரும்புத் தூள் பட்டவர்கள்.

* சிவப்போடு வலி, பார்வை மங்கல், வெளிச்சம் கூசுதல் உள்ளவர்கள்.

* கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிபவர்கள்.

* செடியின் பால் கண்ணில் பட்டவர்கள். முதலில் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டுப் போங்கள்.

நாற்பது வயது தாண்டியவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிகள் வருஷம் ஒரு முறை விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.