குழி தோண்டும் முன் ஆணையைக் கேளுங்கள்

“கட்டி முடிங்கண்ணே, மானியம் தானா வரும்” என்பார் ஏஜென்ட். மறுவாரமே மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் சாண எரிவாயுக் கலனுக்குக் குழி தோண்டியாகிவிடும். செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் கைக்காசு, போதாததற்கு நகைக்கடன். அடுப்பு எரியும், மானியம் மட்டும் வராது. அலுவலகத்தில் கேட்டால், “ஸ்கீம் முடிஞ்சு போச்சே” என்று ஒரு வரி. அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் திரும்பிவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

சாண எரிவாயுக் கலனுக்கு மத்திய அரசு 1981-82 முதல் ஏதாவதொரு பெயரில் மானியம் தந்து வந்திருக்கிறது. முந்தைய திட்டம் 2021 மார்ச்சில் முடிந்தது. அடுத்ததான தேசிய உயிரி ஆற்றல் திட்டம் 2022 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டது. இடையில் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் ஏஜென்ட் பேச்சை நம்பிக் கட்டியவர்களின் கதி என்ன என்று எந்த அதிகாரியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தத் திட்டத்தின் முதல் கட்டமும் 2025-26 நிதியாண்டு வரைக்கும் வகுக்கப்பட்டதுதான். அந்தக் கட்டத்தில் கலனின் அளவைப் பொறுத்து ரூ.9,800 முதல் ரூ.70,400 வரை மானியம் வகுக்கப்பட்டிருந்தது. “அடுத்த கட்டம் வந்துடும்” என்று யார் சொன்னாலும் ஆணையின் நகலைக் கேளுங்கள். உங்கள் பெயரில் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வரும்வரை குழி தோண்டாதீர்கள். வங்கிக் கடன் வாங்கியிருந்தால் இன்னும் கவனம்: மானியம் நின்றாலும் தவணை நிற்காது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் நான்கு தாள்களை ஒரே கோப்பில் வையுங்கள்: விண்ணப்ப ஒப்புகை, அனுமதி ஆணை, கட்டியவருக்குப் பணம் கொடுத்த ரசீது, கலன் இயங்கத் தொடங்கிய தேதியுடன் படம். எந்த அலுவலகம் வழியாக மானியம் வர வேண்டும் என்பது அனுமதி ஆணையிலேயே இருக்கும்.

அந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய். “ஏன் தரவில்லை?” என்று சண்டை போடும் கேள்வி வேண்டாம், ஆவணத்தைக் கேளுங்கள். என் விண்ணப்பத்தின் இன்றைய நிலை என்ன? என் கலனை ஆய்வு செய்த அறிக்கையின் நகல் தருக. மானியத் தொகை விடுவிக்கப்பட்டிருந்தால் தேதியும் வங்கிக் கணக்கும் எவை? திட்டம் முடிந்தது என்றால் அதற்கான ஆணையின் நகல் தருக. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், “இங்கே இல்லை” என்று திருப்பி அனுப்பக் கூடாது. 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுத்தாலும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கலனே பழுது என்றால் வழி வேறு. இத்திட்டத்தில் கட்டித்தருபவர் ஐந்தாண்டு இலவசப் பராமரிப்புக்குப் பொறுப்பு. திட்டம் முடிந்தால் அந்தப் பொறுப்பும் முடிந்தது என்பது வெறும் சாக்கு. முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ். பலனில்லை என்றால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மானியம் வராததை அங்கே கொண்டுபோகாதீர்கள். கட்டுமானக் குறையைச் சொல்லுங்கள்.

பழுது பார்க்க ஆள் வரவில்லை என்று நீங்களே கலனுக்குள் இறங்காதீர்கள். உள்ளே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும், மூச்சுவிடக் காற்று இருக்காது. மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து சாவது இப்படித்தான். கைவிட்ட கலன் என்றால் வாயைக் கான்கிரீட் பலகையால் மூடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடம் அது.

மறுபடியும் சொல்கிறேன்: எழுத்தில் அனுமதி இல்லாமல் குழி தோண்டாதீர்கள். தோண்டியவர்கள், வாய்ப்பேச்சைப் பதிலாக ஏற்காதீர்கள். அரசு மானியத்தை நிறுத்தலாம். அனுமதித்த பணத்தையும் ஐந்தாண்டுப் பராமரிப்பையும் கேட்கும் உங்கள் உரிமையை ஒரு வாய்ச்சொல்லால் நிறுத்த முடியாது.