இயற்கைத் தைலமும் அளவறிந்தே

சாரல் காற்று வீசும் ஆடி மாதத்தில் சங்கரன்கோவில் வீடுகளில் சளியும் இருமலும் கூடும்போது, நீலகிரித் தைலப் புட்டி அலமாரியிலிருந்து இறங்கிவிடும். குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும், ஆவி பிடிக்கும் நீரில் சொட்டுவதும், கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகரச் செய்வதும் தலைமுறை வழக்கம். இயற்கையில் விளைந்தது தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

1843-இல் நீலகிரிக்கு வந்த ஆஸ்திரேலிய மரத்தின் இலையைக் கசக்கி முகர்வது வேறு. அதைக் காய்ச்சி வடித்த சாரத்தைக் கையாள்வது வேறு. 100 கிலோ இலையிலிருந்து ஓரிரு கிலோ தைலமே கிடைக்கிறது. அவ்வளவு செறிவான பொருளில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உள்ளே சென்றாலே சிறு குழந்தைக்கு மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். கற்பூரம் இன்னும் கடுமையானது. ஒரு கிராம் அளவே மழலையின் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு தொடங்கலாம். இவற்றைப் பூசியதாலும் முகர்ந்ததாலும் வலிப்பு வந்தவர்களைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர்.

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தை பிழைபடும் என்பதைப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். தைலச் சந்தைக்கும் அது பொருந்தும். அமெரிக்கா 1983-இல் உடலில் பூசும் பொருள்களில் கற்பூரத்தின் அளவை 11 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. இங்கும் ஒவ்வொரு புட்டியிலும் தமிழில் தெளிவான எச்சரிக்கையும், குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடியும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. தைலத்தை ஒருபோதும் உட்கொள்ளலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பூசுவதையும் மூக்கருகே வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வலிப்பு நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தக் கூடாது. பெரியவர்களும் 100 மில்லி தேங்காய் எண்ணெயில் 2 மில்லிக்கு மிகாமல் கலந்தே பூசுவது நன்று. குழந்தைகளுக்குக் கொதிநீர் ஆவி வேண்டாம். கொப்புளக் காயம் அதனாலேயே நேர்கிறது. இருமல் மருந்துக்கு அருகில் தைலத்தை வைத்தால், இரவின் அரைத்தூக்கத்தில் புட்டி மாறிவிடும்.

தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடலாம். 108-ஐ அழைத்து, புட்டியையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். எவ்வளவு உள்ளே போயிற்று என்று மருத்துவர் கேட்கும் முதல் கேள்விக்கு அதுவே விடை சொல்லும்.