பாடகர் குழுவுக்கும் ஒரு பரீட்சை

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் பெருவழியில், பசுமலையையும் திருப்பரங்குன்றத்தையும் கடந்து ஹார்விபட்டிக்கு அடுத்தாற்போல் அமைந்திருக்கும் திருநகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் உள்ள தேவாலயங்களில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வேண்டிய பாட்டுகளை முன்கூட்டியே கூடிப் பழகுவது பாடகர் குழுவினரின் நெடுநாளைய வழக்கம். மில்லில் ஷிப்டு முடித்து வந்தவரும், பள்ளிக்கூடத்து ஆசிரியையும், கல்லூரி மாணவனும், பேரன் பேத்தி எடுத்த அம்மாளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஆர்மோனியத்தின் அல்லது கீபோர்டின் சுருதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு கீர்த்தனையின் அனுபல்லவியைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். இருபது முப்பது வருஷங்களாக இவ்வாறு பாடிவருகிறவர்கள் நம் சபைகளில் அநேகர். ஆயினும் அவர்கள் எவ்வளவு கற்றார்கள், இன்னும் எதைக் கற்கவேண்டும் என்று ஒருவரும் அவர்களைக் கேட்டதில்லை. கற்றதற்கு அத்தாட்சியாக ஒரு துண்டுக் காகிதமேனும் அவர்களில் பெரும்பாலோருடைய வீடுகளில் இல்லை. பரத நாட்டியத்துக்கும், ஹிந்திக்கும், தட்டெழுத்துக்கும் படிப்படியாகப் பரீட்சை உண்டென்பதை அறிந்த நம் ஜனங்களுக்கு, ஆலயத்தில் பாடுவதும் அவ்வாறு படிப்படியாகக் கற்றுத் தேறவேண்டிய ஒரு வித்தைதான் என்பது இன்னும் புலப்படவில்லை என்றே சொல்லவேண்டும்.

இந்த எண்ணத்தை ஒரு முறையான ஏற்பாடாக வகுத்துக் காட்டியவர்கள் ஆங்கிலேயர். முதல் மகாயுத்தத்துக்குப் பிற்பட்ட வருஷங்களில், இங்கிலாந்தின் பெரிய கதீட்ரல்களில் சங்கீதம் சிறந்து விளங்க, கிராமத்துச் சிற்றாலயங்களில் அது சீர்குலைந்து கிடப்பதைக் கண்டு மனம் வருந்திய ஸிட்னி நிக்கல்ஸன் என்பவர், 1927-ஆம் ஆண்டில் ஆலய சங்கீதத்துக்கென்றே ஒரு கல்விச் சங்கத்தை ஸ்தாபித்தார். லண்டனில் மன்னர்கள் முடிசூடும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் ஆர்கன் வாசிக்கும் பதவி, ஒரு சங்கீத வித்வான் அந்த நாட்டில் அடையக்கூடிய மிக உயர்ந்த பதவிகளில் ஒன்று. அதனை அவர் மறுவருஷமே துறந்து, ஊர் ஊராகச் சென்று எளிய பாடகர் குழுக்களைப் பயிற்றுவிப்பதில் தம் எஞ்சிய வாழ்நாளைச் செலவிட்டார் என்பதை நினைக்கும்போது, அந்தப் பணியை அவர் எவ்வளவு பெரிதாக மதித்தார் என்பது விளங்கும். 1945-இல் அந்தச் சங்கம் ராஜாங்க கௌரவம் பெற்று, 'ராயல் ஸ்கூல் ஆஃப் சர்ச் மியூஸிக்' என்று வழங்கலாயிற்று.

இச்சங்கம் பாடகர்களுக்கென வகுத்த பாடத்திட்டம் இப்போது 'வாய்ஸ் ஃபார் லைஃப்' என்ற பெயரால் நடைபெறுகிறது. ஒரு சிறுவனோ சிறுமியோ குழுவில் சேர்ந்து, ஒவ்வொரு படியாகத் தேறி வரும்போது, கழுத்தில் அணியும் பதக்கத்தின் நாடா இளநீலம், கருநீலம், சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே வரும். அதற்குமேல் வெண்கலம், வெள்ளி, பொன் என்ற மூன்று விருதுகள் இருக்கின்றன. பெரியவர்களும் இவற்றைப் பெறலாம். பரீட்சைக்கு வருகிறவர் ஒரு ஞானப்பாட்டும் வேதாகமத்துச் சங்கீதம் ஒன்றும் ஓர் ஆலய கீதமும் பாடிக் காட்டவேண்டும். முன்பின் பார்த்தறியாத இசைக்குறிப்பைக் கண்ட மாத்திரத்தில் பாடவேண்டும். வாசித்துக் காட்டிய ஸ்வரங்களைக் காதால் கேட்டு அடையாளம் சொல்லவேண்டும்.

இம்மட்டோடு நின்றிருந்தால் இது மற்றச் சங்கீதப் பரீட்சைகளைப் போன்றதொரு பரீட்சையே ஆகியிருக்கும். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் ஐந்து பகுதிகள் உண்டு. குரலைப் பழுதின்றிப் பயன்படுத்துவது, சங்கீத ஞானம், பாட்டுகளின் பரிச்சயம் ஆகிய மூன்றும் எவரும் எதிர்பார்க்கக்கூடியவை. நான்காவது பகுதி, குழுவின் அங்கமாக இருப்பது: குறித்த வேளைக்கு வருதல், புத்தகங்களைப் பேணுதல், புதிதாகச் சேர்ந்தவருக்கு உதவுதல், பக்கத்தில் நிற்பவருடைய குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கிப் பாடுதல். ஐந்தாவது, தான் பாடும் பாட்டு எந்த ஆராதனையில், எந்தத் திருநாளில், என்ன கருத்தோடு பாடப்படுகிறது என்ற அறிவு. தபசு காலத்துக்குரிய பாட்டை ஈஸ்டரில் ஏன் பாடுவதில்லை என்று கேட்டால் விடை சொல்லத் தெரியவேண்டும். என்னுடைய அபிப்பிராயத்தில், இந்த இரண்டு பகுதிகளுமே இப்பரீட்சையின் ஜீவன். தனியாக மேடையேறும் பாடகரிடம் எவரும் கேளாத கேள்விகளை, குழுவில் பாடுகிறவரிடம் கேட்டே தீரவேண்டும் என்று உணர்ந்தவர்கள் வகுத்த திட்டம் அது.

நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் டிரினிடி பரீட்சையின் பூர்வோத்தரமும் இங்கே சொல்லத்தக்கது. மதுரையில் கீபோர்டோ வயலினோ கற்கும் பிள்ளையுள்ள வீடுகளில், 'டிரினிடி கிரேடு' என்ற பேச்சு இன்று சாதாரணம். எட்டாவது கிரேடு வரையில் படிப்படியாக ஏறிச் செல்லும் அந்தப் பரீட்சையில், நூற்றுக்கு 60 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி, 75 பெற்றால் மெரிட், 87 பெற்றால் டிஸ்டிங்ஷன். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா கிட்டாரில் தங்கப் பதக்கம் பெற்றதும் இதே டிரினிடியில்தான் என்பதைத் தமிழர் பலரும் அறிவர். அந்த ஸ்தாபனம் 1872-இல் லண்டனில் பொனாவியா ஹன்ட் என்பவரால் ஆரம்பிக்கப்பட்டபோது, ஆலயங்களில் பாடுவோருக்கு நல்ல சங்கீதப் பயிற்சி அளிப்பதே அதன் நோக்கமாக இருந்தது என்பது அவ்வளவாகப் பிரசித்தமாகவில்லை. பாடகர் குழுவுக்காகப் பிறந்த கல்லூரி, காலப்போக்கில் தனி வாத்தியக்காரரைச் சோதிக்கும் உலகப் பரீட்சையாக வளர்ந்து, கடல் கடந்து நம் தெருவுக்கும் வந்து சேர்ந்தது. ஐந்தாம் கிரேடு தேறிய பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை சபையார் பாடும் கீர்த்தனைக்கு வாசிக்க உட்கார்ந்ததும் திகைத்துப்போவதை நாம் காண்கிறோம். அது பிள்ளையின் குற்றமன்று. அந்தப் பரீட்சையில் கீர்த்தனையும் இல்லை, சபையாரும் இல்லை.

ஆனால் கீர்த்தனைக்கோ மதுரைச் சீமை அந்நியமன்று. 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே பணி தொடங்கிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர், தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளைச் சபையார் கூடிப் பாடுவதற்கேற்ற புத்தகமாகத் தொகுத்து 1853-இல் வெளியிட்டார். பின்னர் பசுமலைக் கல்விச்சாலையின் தலைவராயிருந்த வாஷ்பர்ன் அதனைத் திருத்திப் பெருக்கினார். சாஸ்திரியார் 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் கல்வி கற்று, 'சுவிசேஷ கவிராயர்' என்ற பட்டம் விளங்க, 1864 வரையில் வாழ்ந்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பும் ராகமும் தாளமும் பொருந்திய அவருடைய பாட்டுகள், இன்றும் நம் ஆலயங்களில் ஒலிக்கின்றன. அவற்றோடு, ஜெர்மானிய, ஆங்கில மெட்டுகளில் அமைந்த பாமாலைகளும் வழங்குகின்றன. இவ்விரு சம்பிரதாயங்களையும் ஒரே மணி நேர ஆராதனையில் மாறிமாறிப் பாடவேண்டியிருப்பதுதான் தமிழ்நாட்டுப் பாடகர் குழுவுக்குள்ள தனிச் சுமை. அதன் தனிப் பெருமையும் அதுவே. இங்கிலாந்துச் சிறுவனுக்கு இந்தச் சுமை கிடையாது. ஆகையால் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தை அப்படியே இறக்குமதி செய்துகொள்வது போதாது.

பாமாலையின் தொல்லை ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். வேற்றுமொழிச் சொற்களுக்காகப் பிறந்த மெட்டில் தமிழ்ச் சொற்களை ஏற்றும்போது, நீண்டு ஒலிக்கவேண்டிய ஸ்வரத்தின்மேல் குறில் வந்து விழுந்துவிடும். பாடுகிறவர் ஸ்வரத்துக்குக் கட்டுப்பட்டு அதனை நீட்டினால் 'பலன்' என்பது 'பாலன்' ஆகிவிடும். 'விடு' என்பது 'வீடு' ஆகிவிடும். தேர்ந்த கொயர் மாஸ்டர் இந்த இடத்தில் என்ன செய்வார் என்றால், குறிலைச் சுருக்கென்று சொல்லி, அடுத்துவரும் மெய்யின்மேல் ஸ்வரத்தை நிறுத்தச் சொல்வார். 'விண்' என்றால் 'ண்' மேலும், 'அன்பு' என்றால் 'ன்' மேலும் நாதம் நிற்கும். மெய்யில் நிற்க இயலாத இடமானால், நாதத்தை மெலிதாக்கி ஓசையின் கனத்தைக் குறைப்பார். மூச்சு விடும் இடமும் அப்படிப்பட்டதே. ஆங்கில மெட்டின் அடி முடியும் இடத்தில் தமிழ்ச் சொல் பாதியில் நிற்குமானால், அங்கே மூச்சு விடாமல் சொல்லை முடித்தபின் விடும்படி பழக்குவார். லகர ளகர ழகரங்களும் ரகர றகரங்களும் இருபது பேர் வாயிலும் ஒரே சமயத்தில் தெளிவாக விழுவதற்கு எத்தனை வாரப் பயிற்சி வேண்டும் என்பது பாடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த நுட்பங்களை எந்த லண்டன் பரீட்சகர் அறிவார்? தமிழில் ஒரு பரீட்சை வருமானால் இவைதான் அதில் முதலிடம் பெறவேண்டும்.

கீர்த்தனையில் தாளம் முக்கியம். ஆதி தாளத்தையும் ரூபகத்தையும் சாபு தாளத்தையும் கையால் போட்டுக்கொண்டே பாட ஒவ்வொருவருக்கும் தெரியவேண்டும். ராகத்தின் ஆரோகண அவரோகணமாவது பாடத் தெரியவேண்டும். இதற்கு வேண்டிய படிமுறையைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற மகா நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், அதற்குமுன்பே, கற்போருக்கு உதவியாகத் தமிழில் பாட்டுகளை இயற்றி ஸ்வரக் குறிப்போடு அச்சிட்டு வைத்தார். மேல்நாட்டு இசைக்கு, ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் டானிக் சோல்ஃபா முறை இருக்கிறது. ஜான் கர்வன் என்ற ஆங்கிலப் போதகர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதனைப் பரப்பியபோது, கூடவே படிப்படியான சான்றிதழ்களையும் ஏற்படுத்தினார். ச ரி க ம என்று பழகிய தமிழ்ச் செவிக்கு டோ ரே மீ ஃபா எளிதில் பிடிபட்டபடியால், அந்த முறை நம் சபைகளில் வேரூன்றியது. சோல்ஃபா எழுத்துகளை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு ஆல்டோவும் டெனரும் பாடும் குழுக்கள் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு.

சிறுவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பதின்மூன்று பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடையும்போது, பையன்கள் வெட்கப்பட்டுக் குழுவை விட்டு நின்றுவிடுகிறார்கள். நின்றவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. நம் குழுக்களில் டெனருக்கும் பேஸுக்கும் ஆள் கிடைக்காத பஞ்சத்துக்கு இது ஒரு பெருங்காரணம். படிப்படியான ஒரு பாடத்திட்டம் இருக்குமானால், தொண்டைக்கு ஓய்வு தரவேண்டிய அந்த மாதங்களில் அந்தப் பையன் இசைக்குறிப்பு வாசிக்கவும், தாளம் போடவும், பாட்டுகளின் வரலாற்றை அறியவும் பழகி, அந்தப் பகுதிகளில் தேறி, குழுவிலேயே நிலைத்து நிற்பான்.

பக்தியைப் பரீட்சை செய்ய முடியுமா என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். முடியாது, செய்யவும் கூடாது. பரீட்சை செய்யப்படுவது சுருதியும் உச்சரிப்பும் ஒழுங்குமே. இதைவிட ஆழமான ஆட்சேபம் ஒன்று மதுரை அரசரடியிலிருந்து எழுந்ததாகக் கொள்ளலாம். அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005-இல் காலமான தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்டவர். கிராமிய இசைதான் ஒடுக்கப்பட்ட மக்களின் சொந்தக் குரல் என்று வாதாடி, அந்த மெட்டுகளிலேயே ஆராதனை முறையையும் அமைத்துக் கொடுத்தார். சாஸ்திரிய சங்கீதத்தையும் மேல்நாட்டு நான்கு குரல் பாட்டையும் மட்டும் அளவுகோலாக வைத்துப் பரீட்சை நடத்தினால், பறையோடு பாடும் கிராமத்துச் சபையின் பாடகி தகுதியற்றவள் என்று எழுதிக்கொடுத்ததாக ஆகும். அந்த அநியாயத்துக்கு இடம் வைக்கும் பரீட்சை வராமலிருப்பதே நல்லது. கிராமிய மெட்டையும் அதன் தாளக்கட்டையும் சம அந்தஸ்தோடு ஒரு பகுதியாக வைத்து, அதை அறிந்த கலைஞரையே பரீட்சகராக அமர்த்துவதுதான் நேர்மை.

நம் சபைகளில் பாட்டுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. கோப்பையும் சுழற்கேடயமும் வருஷந்தோறும் கை மாறுகின்றன. போட்டியில் ஒரு குழு ஜெயிக்க மற்றவை தோற்கும். தோற்ற குழு தன் குறை இன்னதென்று அறியாமலே வீடு திரும்பும். பரீட்சையில் எல்லோரும் தேறலாம். தேறாதவருக்கும் எங்கே பிழைத்தோம் என்பது தெரிந்துவிடும். போட்டிகளை நிறுத்தவேண்டாம். ஆனால் அவற்றுக்குச் செலவிடும் சிரத்தையில் பாதியைப் பரீட்சைக்குச் செலவிட்டால் ஐந்தாறு வருஷங்களில் வித்தியாசம் காதில் கேட்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதனை நடத்தத் தகுதியுள்ளவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அரசரடியில் இறையியல் கல்லூரி இருக்கிறது. திருச்சிராப்பள்ளியில் சங்கீதத்துக்குப் பட்டப்படிப்பே நடத்தும் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. பல்லாண்டுகள் குழுக்களை நடத்திய கொயர் மாஸ்டர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். திருமண்டலங்களும் மறைமாவட்டங்களும் இவர்களை ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, முதற்படிக்கான பாடத்திட்டத்தை மட்டுமாவது தமிழில் எழுதி வாங்கவேண்டும். அதற்குள் ஒவ்வொரு சேகரக் கமிட்டியும் செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. உங்கள் ஆலயத்தில் நெடுநாளாகப் பாடிவருகிறவர்களின் பெயர்களையும், அவர்கள் பாடிய வருஷங்களையும், அவர்களுக்குத் தெரிந்த கீர்த்தனைகளையும் ஒரு பதிவேட்டில் எழுதத் தொடங்குங்கள். பரீட்சை வரும் நாளில், முதல் பரீட்சகர்களை அந்தப் பதிவேட்டிலிருந்தே தேர்ந்துகொள்ளலாம்.