பழைய வட்ட ரம்பமும் சிறு பட்டறையும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வயல்கள் சுருங்கி வீடுகள் பெருகிவிட்டன. ஆயினும் தச்சருக்கு வேலை குறைந்தபாடில்லை. ஏரும் நுகத்தடியும் செய்தவர்களின் மக்கள் இன்று கதவும் சன்னலும் கட்டிலும் செய்கின்றனர். கைரம்பம் கொண்டு நாள் முழுதும் அறுக்க வேண்டிய பலகையை, மின்விசையால் சுழலும் வட்ட ரம்பம் சிறிது நேரத்தில் அறுத்துத் தந்துவிடுகிறது. புதிய யந்திரம் வாங்கப் பணம் போதாதவர்கள் பழையதைத் தேடிச் செல்வது இயல்பே. அவ்வாறு தேடுவோர் கவனிக்க வேண்டியவற்றை, நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டு இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நம் வட்டாரத்து ஊராட்சி ஒன்றில் நான்கு தச்சர்கள் கூடிப் பட்டறை ஒன்று அமைத்தனர். மூடப்பட்ட மர அறுவை நிலையத்திலிருந்து பழைய ரம்ப மேசை ஒன்று அவர்களுக்கு விலைக்கு வந்தது. கனத்த வார்ப்பிரும்பு மேசை. அங்குலக் கணக்கில் செய்த பழைய சீமைச் சரக்கு. அதைப் பார்க்க உடன் சென்ற நாமும், "இரும்பின் எடைக்கே இந்த விலை தகும், வாங்கலாம்" என்று சொல்லிவிட்டோம். ரம்பத்தை மேலே மறைக்கும் காவல் மூடியும், பின்னே நிற்க வேண்டிய இரும்புத் தகடும் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதம், வேம்புச் சட்டம் ஒன்றை நீளவாட்டில் அறுத்துக்கொண்டிருந்தபோது மரம் பின்னோக்கித் தெறித்தது. அதைப் பிடித்திருந்த கை ரம்பத்தின்மேல் விழுந்தது. நால்வருள் மூத்தவர் இடக்கையில் இரண்டு விரல்களை இழந்தார். அவர் இப்போது உளி பிடிப்பதில்லை. பட்டறையின் கணக்கை எழுதுகிறார். அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு.

மரம் ஏன் தெறித்தது? தச்சர் நிற்கும் பக்கத்தில் ரம்பத்தின் பற்கள் மேலிருந்து கீழே இறங்கி மரத்தை மேசையோடு அழுத்துகின்றன. பின்பக்கத்துப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. அறுபட்ட பிளவு விரிந்தே இருக்குமளவும் அப்பின்பற்கள் மரத்தைத் தீண்டுவதில்லை. ஆனால், நன்கு உலராத மரத்தினுள்ளே இறுக்கம் அடங்கியிருக்கும். அறுபட்டவுடன் இரு பாதிகளும் ஒன்றையொன்று நெருங்க, பிளவு மூடிக்கொள்ளும். அப்போது பின்பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி, தச்சரை நோக்கி எறிந்துவிடுகின்றன. 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரம்பம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுழன்றால், பல்லின் வேகம் வினாடிக்குச் சுமார் 45 மீட்டர். அதாவது மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில் எதுவும் அவ்வளவு விரைவாக ஓடுவதில்லை.

பிளவு மூடாமல் காப்பதற்கென்றே ரம்பத்தின் பின்னால், அதன் வளைவையொட்டி ஓர் எஃகுத் தகடு நிறுத்தப்படுகிறது. அதைப் பிளவுக் கத்தி என்று சொல்லலாம். பெயரளவில் கத்தியே அன்றிக் கூர்மை அதற்கில்லை. அதன் கனம் ரம்பத் தகட்டின் கனத்தைவிட மிகுந்தும், ரம்பம் அறுக்கும் பிளவின் அகலத்தைவிடக் குறைந்தும் இருத்தல் வேண்டும். ரம்பத் தகடு 2.2 மி.மீ., பிளவு 3.2 மி.மீ. என்றால் கத்தி ஏறக்குறைய 2.6 மி.மீ. இருக்கலாம். மேசை மட்டத்தில் அதற்கும் பற்களுக்கும் இடையே 8 மி.மீ.க்கு மேல் இடைவெளி ஆகாது. ரம்பத்தை உயர்த்தித் தாழ்த்தும் யந்திரமாயின், கத்தியும் உடன் ஏறி இறங்குமாறு பொருத்த வேண்டும். பழைய ரம்பங்களில் இது பெரும்பாலும் கழற்றி எறியப்பட்டிருக்கும். வேலைக்கு இடைஞ்சல் என்பதே காரணமாம். நல்ல எஃகுத் தகடு கொண்டு இதைப் புதிதாகச் செய்து தர, திறமையான லேத்துப் பட்டறைக்காரர் ஒருவர் போதும். நம் தச்சர்களுக்கு அதைச் செய்ய ஒரு நாளே பிடித்தது. அந்த ஒரு நாளை வாங்கிய அன்றே ஒதுக்கியிருக்கலாம்.

யந்திரத்தின் அபாயமான பகுதிகளுக்கு வேலியிட வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆயினும், மின்விசை கொண்டு பத்துப் பேரேனும் வேலை செய்யும் இடங்களையே அது பொதுவாகக் கருத்திற்கொண்டது. நான்கு பேர் வேலை செய்யும் கிராமப் பட்டறைக்கு ஆய்வாளர் வந்து பார்ப்பது அரிது. ரம்பமோ ஆள்களை எண்ணிப் பார்த்துச் சுழல்வதில்லை.

இனி, வாங்கும் முறைக்கு வருவோம். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடும் சந்தையில் பழைய கருவிகள் பலவும் கிடைக்கின்றன. (1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டை அறிந்த பெரியவர்கள் இச்சந்தையை அதனோடு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு.) ஆனால் அங்கே உளியும் இழைப்புளியும் வாங்கலாமேயன்றி, ரம்ப மேசை போன்ற கனத்த யந்திரத்தை ஓட்டிப் பார்த்து வாங்க வழியில்லை. மூடப்படும் பட்டறையிலோ அறுவை நிலையத்திலோ, மின் இணைப்பு உள்ளபோதே சென்று பார்ப்பது மேல். ஊராட்சிப் பணத்தில் வாங்குவதாயின் தீர்மானமும் விலைப்புள்ளிகளும் முறைப்படி அமைதல் வேண்டும். யந்திரத்தின் பெயர்த்தகட்டில் பொறித்துள்ள எண் ரசீதிலும் இடம்பெறட்டும். திருட்டுச் சரக்கு என்ற பேச்சுக்குப் பிறகு இடமிராது. மர அறுவை நிலையங்களின் உரிமம் குறித்து 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைக்குப் பின் கட்டுப்பாடுகள் மிகுந்துள்ளன. எனவே உருட்டு மரம் அறுக்கும் எண்ணமுடையோர், முன்னதாகவே வனத்துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

யந்திரத்தைப் பார்க்கச் செல்வோர் துருவைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. புதுப் பூச்சைக் கண்டு மயங்கவும் வேண்டாம். சிறு சுத்தியலால் மேசையை ஆங்காங்கே மெல்லத் தட்டுக. மணிபோல் ஒலித்தால் நலம்; கம்மிய ஓசை எழும் இடத்தில் வெடிப்பு இருத்தல் கூடும். நேரான எஃகுச் சட்டத்தை மேசைமீது குறுக்கும் நெடுக்கும் வைத்து, அதனடியில் தாள் துண்டு நுழைகிறதா என்று பார்த்தால் மேசையின் மேடு பள்ளம் விளங்கும். பின்பு மின்சாரத்தை முற்றிலும் துண்டித்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரம்பம் கோத்த தண்டைக் கையால் சுற்றுக. கரகரப்புத் தோன்றினால் பேரிங் தேய்ந்தது. அது பெருங்குறையன்று. 6205 என்று எண் பொறித்த பேரிங், எந்த நாட்டில் செய்ததாயினும், 25 மி.மீ. உள்விட்டமும் 52 மி.மீ. வெளிவிட்டமும் 15 மி.மீ. அகலமும் உடையது. எண்ணைச் சொன்னால் சென்னையில் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். தண்டே வளைந்திருந்தாலோ, ரம்பம் வந்து அமரும் வளையம் கோணியிருந்தாலோதான் யோசிக்க வேண்டும்.

மரைகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஆங்கிலேய யந்திரங்களில், 1841-இல் விட்வொர்த் என்பவர் வகுத்த அளவுப்படி மரை வெட்டப்பட்டிருக்கும். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. இன்று கடையில் விற்கும் 12 மி.மீ. போல்ட் அதில் பொருந்துவதுபோல் தோன்றும். சில சுற்றுக்குள் இறுகி மரையைக் கெடுத்துவிடும். ரம்பத் துளையும் அப்படியே. தண்டு ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. இருக்க, 30 மி.மீ. துளையுள்ள ரம்பத்தை மாட்டித் தாளைச் சுற்றி இறுக்கும் வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை. லேத்தில் கடைந்த வளையமே இடையில் இட வேண்டும்.

வேகக் கணக்கில்தான் பலரும் ஏமாறுகின்றனர். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். மோட்டாரில் 150 மி.மீ. புல்லியும் தண்டில் 75 மி.மீ. புல்லியும் இருப்பின் ரம்பம் 2,880 சுற்று சுழலும். 300 மி.மீ. ரம்பத்துக்கு அது தகும். அதே தண்டில் 600 மி.மீ. பழைய எஃகு ரம்பத்தை மாட்டினாலோ, பல்லின் வேகம் வினாடிக்கு 90 மீட்டராக இரட்டித்துவிடும். ரம்பம் நடுங்கி உடையவும் கூடும். வட்டம் பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும். ரம்பத்தின்மீது பொறித்துள்ள உச்ச வேகத்தை ஒருபோதும் மீறலாகாது.

மோட்டாரைப் பொறுத்தவரை, நம் பகுதியில் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அவ்வூர்களில் நீர் சூழ்ந்தது. நீரில் மூழ்கிய மோட்டாரை வெயிலில் உலர்த்தி விற்றால் வெளித்தோற்றத்தில் ஒன்றும் புலப்படாது. மின்பணியாளரைக் கொண்டு மெக்கர் கருவியால் சோதித்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் சுற்றுக்கம்பியை மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுக. வெறும் சுவிட்சு மட்டும் உள்ள யந்திரத்தை அப்படியே ஓட்டலாகாது. மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வரும்போது, மேசைமீது கைவைத்துத் துடைத்துக்கொண்டிருப்பவர் அறியாமலே ரம்பம் சுழலத் தொடங்கிவிடும். மின்சாரம் போனதும் தானே விடுபட்டு, பொத்தானை மீண்டும் அழுத்தினாலன்றி ஓடாத ஸ்டார்ட்டர் கட்டாயம் வேண்டும். நில இணைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சீர்ப்படுத்தும் வேலை கடினமானதன்று, பொறுமை வேண்டுவது. நம் தச்சர்கள் மேசைத் துருவை மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டு மூன்று நாள் தேய்த்தனர். சிறிய நட்டுகளையும் போல்ட்டுகளையும் கெட்டியான புளிக்கரைசலில் ஓரிரவு ஊறவைத்து, கழுவி, அடுப்பின் அருகே உலர்த்தி எண்ணெய் பூசினர். பித்தளைப் பாத்திரம் துலக்கும் பெண்கள் அறிந்த வித்தைதான் இது. பழைய பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால், அதை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் ஈரப்படுத்தியே நீக்குதல் நலம். குழந்தைகளை அருகில் விட வேண்டாம். கடற்காற்று வீசும் நம் பகுதியில் துடைத்த இரும்பு சில நாள்களிலேயே மறுபடி சிவக்கும். மேசைக்கு மெழுகு தேய்த்துவிட்டால் துருவும் அணுகாது, மரமும் வழுக்கிக்கொண்டு ஓடும்.

காவல் மூடியைத் தகரத்தால் செய்யாமல் கனத்த தகட்டால் செய்தோம். குறுகிய சட்டங்களைக் கையால் தள்ளாதிருக்க, முனையில் வெட்டுள்ள தள்ளுகட்டைகள் இரண்டு வேம்பில் செய்து மேசையோரத்திலேயே தொங்கவிடப்பட்டன. ரம்பத்தூள் நெடுநாள் மூக்கில் ஏறினால் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-இலேயே அறிவித்துள்ளது. ஆகவே தூளை இழுக்கும் விசிறியும் முகமூடியும் செலவுப் பட்டியலில் இடம்பெற்றன. இவை யாவும் சேர்ந்து, யந்திரத்தின் விலையில் ஏறக்குறையப் பாதியாயிற்று. ஊராட்சிக் கூட்டத்தில் இதைக் குறித்து ஓர் உறுப்பினர் வினவியபோது, மூத்த தச்சர் எழுந்து தம் இடக்கையை மேசைமீது வைத்தார். தீர்மானம் நிறைவேறியது.

2016-இல் வர்தா புயல் சாய்த்தது போன்ற சாலை மரங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அவற்றினுள்ளே விளம்பரப் பலகைகளுக்கு அடித்த ஆணிகள் புதைந்திருக்கும். அறுப்பதற்குமுன் காந்தத்தைத் தடவிப் பார்ப்பது அப்பட்டறையில் இப்போது வழக்கமாகிவிட்டது. யந்திரம் நிற்கும் இடத்தில், வெள்ள நீர் சுவரில் விட்டுச் சென்ற கோட்டைக் கண்டறிந்து அதற்கு மேலாக மேடை கட்டியுள்ளனர். மோட்டாரை நான்கு போல்ட்டுகளில் கழற்றிப் பரணில் ஏற்றும்படியும் அமைத்திருக்கின்றனர். ஐப்பசி பிறந்ததும் அந்தப் போல்ட்டுகளுக்கு ஒருமுறை எண்ணெய் விடுகிறார்கள்.